தண்ணீர் என்ன செய்தது?

எந்தத் தொழிற்சாலையின் லாக்புக்கை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். இயந்திரங்களின் பெயர்கள் துல்லியமாக இருக்கும். எந்த கன்வேயர், எந்தப் பக்கத்து புல்லி, எத்தனையாவது ஐட்லர் என்பதில் பிசகே இருக்காது. ஆனால் அந்த இயந்திரத்துக்கு என்ன நேர்ந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்தான் நிற்கும்: ‘அட்டென்டட்’. ‘பெல்ட் ப்ராப்ளம் அட்டென்டட், ஓகே.’ அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வார்? போல்ட்டை முறுக்கினார்களா, மாற்றினார்களா, அப்போதைக்குக் கம்பியால் கட்டிவிட்டுப் போனார்களா?

அந்த ஒரு சொல்லை விரட்டுவதற்காகத்தான் நான் ஆங்கிலச் சொற்களைக் கற்கத் தொடங்கினேன். நெய்வேலியில் ஃபிட்டர் அப்ரன்டிஸாக இருந்த காலத்தில், மாலை நேரங்களில், இந்திரா நகரில் ஒரு வீட்டு வராந்தாவில் கற்றேன். சொல்லித் தந்தவர் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்த பலரில் ஒருவர். பெயர் போடுவதை அவர் விரும்பமாட்டார். எங்களுக்கு அவர் எப்போதும் ‘சார்’தான். நாங்கள் அவருக்குத் ‘தம்பி’கள். கட்டணம் என்று எதுவும் வாங்கியதில்லை. அதை ஆங்கில வகுப்பு என்றும் அவர் சொன்னதில்லை. ‘பக்கம் எழுதுறது’ என்பார். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்.

நெய்வேலிக்காரர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் புதியவை அல்ல. தமிழ்வழியில் படித்த என் வாயிலேயே ஷிப்ட், பெஞ்ச், பங்கர், ஸ்ப்ரெடர், ஓவர்பர்டன், பெர்மிட், ஷட்டவுன், இண்டென்ட், கேட் பாஸ் என்று ஏராளமாகப் புழங்கின. சுரங்கத்துக்குள் கால் வைக்காத கடைக்காரரும் இவற்றில் பாதியைச் சொல்வார். 1956-இல் இங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் நேரு வந்து முதல் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியோடு எழுந்த அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் 1962-இல் ஓடத் தொடங்கியது. மண்ணை வெட்டும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ரஷ்யரும் ஜெர்மானியரும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த பொறியாளர்களும் கடலூர் மாவட்டத்து மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்த இடம் இது. வரைபடத்திலும் மேனுவலிலும் ஆங்கிலம் இருந்தது. இயந்திரம் இறங்கியபோது அதன் பெயரும் கூடவே இறங்கியது.

இறங்கியவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள் என்பதைச் சார்தான் எங்களுக்குக் காட்டினார். வினை வரும் இடத்தில் நாம் ‘பண்ணு’வை ஒட்டிக்கொள்கிறோம். டைட் பண்ணு, லூஸ் பண்ணு, செக் பண்ணு, ஐசொலேட் பண்ணு. தமிழில் பேசும்வரை இதில் குறை ஒன்றுமில்லை, வேலை நடக்கும். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டி வந்தால் அந்தப் ‘பண்ணு’ உதவிக்கு வராது. அப்போது கையில் மிஞ்சுவது ‘அட்டென்டட்’ ஒன்றுதான். ஆகவே வினைச்சொற்களில் தொடங்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. பொது ஆங்கிலப் புத்தகங்கள் கடினமான பெயரடைகளையும் அலங்காரச் சொற்களையும் வைத்துப் பாடத்தைத் தொடங்குவது வீண் என்று இன்றும் நான் நினைப்பதற்கு அந்த வராந்தாவே காரணம்.

முதல் பாடம் தண்ணீர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் மண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. கீழே, அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. சுரங்கத்தில் வேலை செய்கிறவர் வருடம் முழுவதும் தண்ணீரைப் பற்றி எழுதியாக வேண்டும். நாங்கள் எல்லோரும் எழுதிவந்தது ‘வாட்டர் கமிங்’.

“தண்ணி வருதுன்னு எல்லாருக்கும் தெரியும், தம்பி. எப்படி வருது? தமிழ்லயே சொல்லு.”

சொல்ல ஆரம்பித்தபோது எங்களிடம் எத்தனை சொற்கள் இருந்தன! பாறை இடுக்கில் கசிகிறது. குழாய் மூட்டில் சொட்டுகிறது. ஷெட் கூரை ஒழுகுகிறது. பள்ளத்தில் ஊறுகிறது. வால்வு விட்டுப்போனால் பீறிடுகிறது. மழை விட்டபின் வடிகிறது. யாரும் யோசித்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு காட்சியோடு வந்தது. இத்தனை கூர்மையாகத் தமிழில் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் போனதும் ஏன் ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறோம் என்று சார் கேட்டார். பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அன்று எங்களுக்கு ஆளுக்கொரு சொல்லைப் பிரித்துக் கொடுத்தார். சீப், ட்ரிப், லீக், கஷ், ட்ரெய்ன். எனக்கு வந்தது சீப்.

வீட்டில் லிஃப்கோ அகராதி இருந்தது. ‘கசி, ஊறு’ என்று பொருளை எழுதிக்கொண்டு, கீழே ‘தி வாட்டர் சீப்ஸ்’ என்று ஒரு வாக்கியம் போட்டேன். மறுநாள் சார் அந்தப் பக்கத்தை வாங்கி, ‘சீப்ஸ்’ மேல் கட்டைவிரலை வைத்து மறைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினார். “இங்க என்ன வார்த்தை இருக்கும்?” அவன் ‘ஃப்ளோஸ்’ என்றான். இன்னொருவன் ‘ஃபால்ஸ்’. மூன்றாமவன் ‘பாயில்ஸ்’. மூன்றும் பொருந்தின. எல்லா வினையும் பொருந்துகிற வாக்கியம் எந்த வினைக்கும் எடுத்துக்காட்டு ஆகாது என்பது அங்கேயே விளங்கிவிட்டது. இதுதான் அவருடைய கட்டைவிரல் சோதனை. சொல்லை மறைத்தாலும் சுற்றியிருக்கும் சொற்கள் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

பிறகு அந்தப் பக்கத்தை வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கினோம். தண்ணீர் எதன் வழியாக வருகிறது? மணற்பாறை வழியாக. வேகமாகவா? இல்லை, மெதுவாக. மெதுவாக வந்தது என்று எப்படித் தெரியும்? ராத்திரி காய்ந்து கிடந்த வாய்க்கால் காலையில் பாதி நிறைந்திருந்தது. ஆக: ‘வாட்டர் சீப்ட் ஸ்லோலி த்ரூ தி சாண்ட்ஸ்டோன், அண்ட் பை மார்னிங் தி ட்ரை டிட்ச் வாஸ் ஹாஃப் ஃபுல்.’ இப்போது விரலால் மறைத்தால் ‘கஷ்’ உள்ளே நுழைய முடியாது. ‘ட்ரிப்’ தயங்கும், பாறை வழியாகச் சொட்டுவதில்லையே. ‘த்ரூ’ என்ற சின்னச் சொல்தான் பாதி வேலையைச் செய்கிறது. இனி எங்கே ‘சீப்’ எழுதினாலும் பின்னால் ‘த்ரூ’வோ ‘இன்டூ’வோ தேடி என் கை தானாகப் போகும். அகராதியின் ‘கசி, ஊறு’ எனக்கு இதைத் தந்திருக்காது.

அகராதிகளைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம், அ. சிதம்பரநாதச் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கியது, சாரின் அலமாரியில் மரியாதையான இடத்தில் இருந்தது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு வரிசையாகத் தமிழ்ச் சொற்களை அது அடுக்கித் தரும். படிக்கும்போது தடுக்கிய சொல்லைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல துணை கிடையாது. எழுதும்போது தேவைப்படுவது வேறு. அந்தச் சொல் யாரோடு வரும், யாரோடு வராது என்று தெரிய வேண்டும்.

அதற்கு அவர் வைத்திருந்தது ஹார்ன்பியின் பழைய பதிப்பு ஒன்று. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஜப்பானிய மாணவர்களுக்காக அவரும் நண்பர்களும் தொகுத்த அகராதி 1942-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதையே கற்போருக்கான அகராதியாக மறுபடி வெளியிட்டது. உலகம் முழுதும் பரவியது அதன் பிறகுதான். வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளாகப் பிரித்து, எந்த வினை எந்த அமைப்பில் நிற்கும் என்று ஹார்ன்பி குறித்திருந்தார். அவருக்கு முன்பே, டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் வங்காளப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதப் போய், எந்தச் சொற்களை முதலில் தர வேண்டும் என்ற கேள்வியில் இறங்கினார். 1935-இல் அவர் கொண்டுவந்த அகராதியில் எல்லாச் சொற்களுக்கும் பொருள் எழுதப் பயன்பட்டவை 1,490 எளிய சொற்கள் மட்டுமே. சொல்லைவிட அதன் பொருள் கடினமாக இருக்கக் கூடாது என்ற நெறி அங்கே வேர் பிடித்தது. இன்று நாம் ‘லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ என்று வாங்குகிற புத்தகங்கள் டாக்காவிலும் டோக்கியோவிலும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகள் தடுமாறிய வகுப்பறைகளில் பிறந்தவை. இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட தெம்பு கொஞ்சமல்ல. நம் தடுமாற்றத்தைக் கவனித்துப் பார்த்துத்தான் அந்தக் கலையே உருவாகியிருக்கிறது.

அந்தத் தடுமாற்றத்தில் பெரும்பகுதி நம் வேற்றுமை உருபிலிருந்து வருகிறது. ‘அவரிடம் சொன்னேன்’ என்று நினைத்துக்கொண்டு எழுதினால் ‘ஐ டோல்ட் டு ஹிம்’ என்றுதான் கை போகும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பது ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ ஆகும். ஆங்கிலத்தில் ‘டெல்’லுக்கு ‘டு’ வேண்டாம், ‘எக்ஸ்ப்ளெய்ன்’னுக்கு வேண்டும். இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். வாக்கியமாகவே மனத்தில் ஏற்றிக்கொள்வதுதான் வழி. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சார் ஒரு கோடு போடச் சொல்வார். கோட்டுக்குக் கீழே அந்த வினைக்கு முன்னால் யார் வரலாம், பின்னால் என்ன வரலாம் என்று இரண்டு மூன்று சொற்கள். இதற்கு அவர் வைத்த பெயர் ‘கூட்டாளிங்க’.

‘ஐசொலேட்’ பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மின்பிரிவு அப்ரன்டிஸ்களும் எங்களோடு வந்ததால் அந்தச் சொல் சீக்கிரமே வந்தது. வேலை தொடங்குமுன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைப் பிரித்துப் பூட்டி, அட்டை தொங்கவிட்டு, பெர்மிட் வாங்கின பிறகே கவரைத் திறக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட சொல். பொருள்: ‘மற்றதிலிருந்து துண்டித்துத் தனியாக்கு.’ வாக்கியம்: ‘ஐசொலேட் தி மோட்டார் ஃப்ரம் தி சப்ளை அண்ட் லாக் தி ஸ்விட்ச் பிஃபோர் யூ ஓபன் தி கவர்.’ கோட்டுக்குக் கீழே: ‘ஃப்ரம்’. அத்தோடு விட்டிருந்தால் அது சுரங்கச் சொல்லாகவே நின்றிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் வேலையிடத்துக்கு வெளியே ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும் என்பது சாரின் விதி. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதை நினைத்து ஒருவன் எழுதினான்: ‘தி ஃப்ளட் வாஷ்ட் அவே தி ரோட் அண்ட் ஐசொலேட்டட் தி வில்லேஜ் ஃப்ரம் தி டவுன்.’ மோட்டாரும் கிராமமும் ஒரே வினைக்குள் வந்து உட்கார்ந்தன. அதற்குப் பின்னால் செய்தித்தாளில், மருத்துவமனை அறிவிப்பில், கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் ஒட்டிய தாளில், எங்கே அந்தச் சொல்லைப் பார்த்தாலும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

பல பொருள் உள்ள சொல்லுக்குப் பல பக்கம். ‘கமிஷன்’ என்றால் கடைத்தெருவில் தரகுப் பணம், செய்தித்தாளில் விசாரணைக் குழு. மின் நிலையத்தில் அது ஒரு வினை, யூனிட்டைச் சோதித்து உற்பத்திக்குக் கொண்டுவருவது. முதல் அனல் மின் நிலையத்துக்கு எங்கள் பக்கத்தில் இடம் கிடைத்தது இப்படித்தான். 1962-இல் முதல் யூனிட் ‘கமிஷன்’ ஆன கதையை ஒரு வாக்கியத்திலும், 2020-இல் அந்த நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டதை அடுத்த வாக்கியத்திலும் பின்னாளில் எழுதிச் சேர்த்தேன். ‘ட்ரெயின்’ என்ற சொல்லும் அப்படியே. ரயிலாகவும் பயிற்சியாகவும் தெரிந்த சொல், கன்வேயர் மேனுவலில் பெல்ட்டை நேராக ஓடவைப்பது என்ற பொருளில் வந்தது. மழைநாளில் களிமண் ரிட்டர்ன் ஐட்லரில் அப்பிக்கொள்ளும், உருளை ஒரு பக்கம் பருக்கும், பெல்ட் ஓரமாக ஏறும். களிமண்ணைச் சுரண்டி, ஐட்லரின் கோணத்தைச் சற்றே திருத்தி, பெல்ட்டை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நான் ‘அட்டென்டட்’ இல்லாமல் எழுதிய முதல் லாக்புக் வரிகள் இதைப் பற்றியவை: ‘ஃபௌண்ட் க்ளே ஸ்டக் ஆன் த்ரீ ரிட்டர்ன் ஐட்லர்ஸ். பெல்ட் வாஸ் ட்ரிஃப்டிங் டு தி லெஃப்ட். ஸ்க்ரேப்ட் ஆஃப் தி க்ளே அண்ட் ட்ரெயின்ட் தி பெல்ட். ஒன் ஐட்லர் இஸ் வோர்ன் அண்ட் மஸ்ட் பி ரிப்ளேஸ்ட்.’ நான்கு வரி. அடுத்த ஷிப்டில் வந்தவர் என்னிடம் எதையும் கேட்காமல் புது ஐட்லரைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

எடுத்துக்காட்டை நாமே உண்டாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1987-இல் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் குழு வெளியிட்ட கோபில்ட் அகராதி, கற்பனை வாக்கியங்களை ஒதுக்கிவிட்டு, மக்கள் உண்மையாகவே எழுதியும் பேசியும் வைத்த வாக்கியங்களைக் கணினியில் சேர்த்து அங்கிருந்து எடுத்தது. பொருளையும் முழு வாக்கியமாகவே சொன்னது. அந்த அகராதியை நான் மிகவும் மதிக்கிறேன், சந்தேகம் வந்தால் அதைத்தான் திறப்பேன். ஆனால் கற்கிறவன் தானே எழுதிய வாக்கியத்துக்கு இருக்கிற பிடி எடுத்தாண்ட வாக்கியத்துக்கு இல்லை. ஒன்று மட்டும் நிபந்தனை: வாக்கியத்தில் சொல்லப்படுவதை எழுதுகிறவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காத பனிமலையையும் போகாத விருந்தையும் வைத்து எழுதிய எடுத்துக்காட்டுகள் மறுநாளே மறந்துபோகின்றன.

எழுதிய பக்கங்களைத் திரும்பப் பார்ப்பதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. மூன்று கிளிப்புகள். புதுப் பக்கம் முதல் கிளிப்பில் இருக்கும், தினமும் பார்ப்போம். தடுமாறாமல் சொன்னால் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கும் கிளிப்புக்குப் போகும், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. தடுமாறினால் மறுபடி முதல் கிளிப். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிய ஜெர்மன் நூலில் பெட்டி வைத்துச் செய்கிற இந்த முறை இருக்கிறது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. சாரின் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. பொருள் என்ன என்று அவர் கேட்கவே மாட்டார். “இன்னிக்கு ஒரு வாக்கியம் சொல்லு” என்பார். பழைய வாக்கியத்தை ஒப்பித்தால் ஏற்கமாட்டார். அன்றைய ஷிப்டில் நடந்ததை வைத்துப் புதிதாகச் சொல்ல வேண்டும். ஒரே சொல் மாதத்துக்கு ஒரு புது வாக்கியமாவது பெற்றுக்கொண்டு வளரும்.

நெய்வேலியில் 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. பெரும்பாலும் ஜூலை மாதம், லிக்னைட் ஹால் வளாகத்தில். அங்கே அகராதி வாங்கப் போகும் அப்ரன்டிஸ்களிடம் நான் சொல்வது இதுதான். அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வினையை எடுத்து நான்கு அகராதிகளில் பாருங்கள். வாக்கியம் தந்திருக்கிறதா, அந்த வாக்கியம் கட்டைவிரல் சோதனையில் தேறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் புரட்டச் சொல்வேன். எஸ். ராமகிருஷ்ணன் கொண்டுவந்த அந்த அகராதி 1992-இல் முதலில் வெளிவந்தது. தமிழ்ச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை அதன் எந்தப் பக்கத்திலும் காணலாம். ஆங்கில வாக்கியம் எழுதக் கற்கிற பையனுக்குத் தமிழ் அகராதி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். தண்ணீர் கசிகிறதா ஒழுகுகிறதா என்று தமிழில் பிரித்துப் பார்க்காதவர், ஆங்கிலத்தில் அதைப் பிரிக்க முடியாது.

இப்போது என்னிடம் பக்கம் எழுத வரும் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. கேட்டால் ஒரு நொடியில் பத்து வாக்கியம் தருகிறது. உச்சரிப்புக்கு அதை நான் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். வாக்கியங்களைப் பக்கத்தில் ஏற்றுமுன் விரல் வைத்து மறைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பல அங்கேயே விழுந்துவிடும்.

இந்த வருடம் நாங்கள் எடுத்திருப்பது சத்தங்கள். இயந்திரம் கெடுவதற்கு முன் சத்தத்தில்தான் சொல்லும். கிறீச்சிடுவது, கடகடப்பது, உறுமுவது, ரீங்கரிப்பது என்று தமிழில் பிரித்தாயிற்று. ‘ஸ்க்வீல்’, ‘ராட்டில்’, ‘ஹம்’ பக்கங்கள் முடிந்துவிட்டன. தேய்ந்த பேரிங்கின் உறுமல்தான் இன்னும் முடியவில்லை. மின்பிரிவுப் பெண் ஒருத்தி ‘க்ரோல்’ என்கிறாள். ஃபிட்டர் பையன் ‘ரம்பிள்’ என்கிறான், அடிவயிற்றில் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு ‘க்ரைண்ட்’ சரியென்று படுகிறது, உள்ளே உலோகம் அரைபடுகிற சத்தம் அதில் வருகிறது. மூன்று வாக்கியமும் எழுதியாயிற்று, மூன்றிலும் விரலை வைத்தால் மற்ற இரண்டும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. நாளை ஃபர்ஸ்ட் ஷிப்டில் டிரைவ் ஹெட் பக்கம் போகும்போது இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்து, மறுபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.